ஒரு புல்வெளியைக் காணவில்லை

அந்தமான் மாயாபந்தரில் ஒரு புல்வெளி காணாமல் போனது. அந்த ஊரில் கோழி காணாமல் போகும், கட்டிப்போட்ட படகு காணாமல் போகும், மழைக்காலத்தில் சில சமயம் ரோடே காணாமல் போகும். ஆனால் நாற்பதடி நீளமும் இருபத்தைந்தடி அகலமும் உள்ள அரசாங்கப் புல்வெளி காணாமல் போனது அதுதான் முதல் தடவை. காணவில்லை என்று கண்டுபிடித்தவர் கெஸ்ட் ஹவுஸ் கேர்டேக்கர் ராஜமாணிக்கம். காணாமல் போக்கியவள் அங்கே மாலியாக, அதாவது தோட்டக்காரியாக இருந்த ஒச்சம்மா. முப்பத்தாறு வருஷத்துக்கு முன்னால் அந்தப் புல்வெளியைப் போட்டவளும் அவளேதான்.

ஒச்சம்மாவின் அப்பா ஐயாவு, உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து மரம் வெட்டும் வேலைக்குக் கப்பலேறி வந்தவர். வந்தவர் வந்தவர்தான். ஒச்சம்மா பிறந்ததும் வளர்ந்ததும், படகுத்துறையில் வேலை பார்த்த முனியாண்டியைக் கட்டிக்கொண்டதும் மாயாபந்தரிலேயே நடந்தது. மெயின்லேண்டுக்கு அவள் இரண்டே தடவை போயிருக்கிறாள். இரண்டு தடவையும் கப்பலில் மூன்று நாளும் வாந்தி. ஊர் எப்படி இருந்தது என்று கேட்டால் கப்பல் கக்கூஸ் எப்படி இருந்தது என்று சொல்லுவாள். தண்ணீரில் பிழைக்கிறவனைக் கட்டிக்கொண்டு தண்ணீரைக் கண்டால் ஆகாதவள் அந்தத் தீவில் அவள் ஒருத்தியாகத்தான் இருக்கும்.

ஏதோ ஒரு இலாகாவின் கெஸ்ட் ஹவுஸில் அவள் தினக்கூலியாகச் சேர்ந்தபோது இருபத்திரண்டு வயது. அப்போதிருந்த இன்ஜினியருக்கு வாசலில் புல்வெளி வேண்டும் என்று ஆசை. போர்ட் பிளேர் பக்கம் சிப்பிகாட்டில் இருக்கும் அரசுப் பண்ணையிலிருந்து ஈரச்சாக்கில் புல் வந்தது. ஒச்சம்மா குந்தி உட்கார்ந்து ஒவ்வொரு கரணையாக ஊன்றினாள். புல் பிடித்துக்கொண்டது, வேலையும் நிரந்தரமானது. அதன் பிறகு முப்பது வருஷம் அதற்குத் தண்ணீர் விட்டாள், வெட்டினாள், ஆப்பிரிக்க நத்தையைப் பொறுக்கி உப்பில் போட்டாள். ஒரு அதிகாரியும் அதில் உட்கார்ந்து அவள் பார்த்ததில்லை. வராந்தாவில் நின்று டீ குடித்துக்கொண்டே, 'அச்சா லான் ஹை', நல்ல புல்வெளி என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவார்கள். யாரும் தின்னாத பயிருக்கு இவ்வளவு பாடா என்று அவளுக்கு அடிமனதில் ஒரு கேள்வி இருந்துகொண்டே இருந்தது.

கொரோனா வந்த வருஷம் அந்தக் கேள்விக்கு வழி பிறந்தது. கப்பல் வரத்து சுருங்கியது, கடையில் காய்கறி அதைவிடச் சுருங்கியது. ஒச்சம்மா புல்வெளியின் ஓரத்தில் ஒரே ஒரு பாத்தி கட்டினாள். தண்டுக்கீரை விதைத்தாள். அது நன்றாக வந்ததும் பக்கத்தில் வெண்டைக்கு ஒரு பாத்தி. பிறகு கத்திரி, மிளகாய், தக்காளி. பாத்தி என்பது ஒன்றோடு நிற்கிற சமாசாரம் இல்லை. இரண்டு வருஷத்தில் கொடிக்கம்பத்தைச் சுற்றியும் படிக்கட்டு ஓரத்திலும் மட்டும் கொஞ்சம் புல் மிஞ்சியிருந்தது. வந்து தங்கிய அதிகாரிகள் எல்லோரும் இளம் வெண்டைக்காய்ப் பொரியலைச் சாப்பிட்டார்கள், வாயை மூடிக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்தார்கள். ஒச்சம்மாவின் வாழ்க்கையிலேயே நிம்மதியான வருஷங்கள் அவை.

அந்த நிம்மதிக்கு நடுவில்தான் கும்பகோணத்துக்காரர் ராஜமாணிக்கம் போர்ட் பிளேரிலிருந்து மாற்றலாகி வந்து சேர்ந்தார். நல்ல மனிதர்தான், ஆனால் பயந்த மனிதர். வந்த மறுநாளே சாமான் ரிஜிஸ்டரைக் கையில் வைத்துக்கொண்டு அறை அறையாக ஏறி இறங்கினார். கடைசியில் வாசலுக்கு வந்தார்.

"ஒச்சம்மாக்கா, கட்டில் பன்னிரண்டு இருக்கு. தலகாணி இருபத்திநாலு, சரி. சுவர்க் கடிகாரம் மூணு, ஓடலைன்னாலும் இருக்கு. புல்வெளி ஒண்ணுன்னு போட்டிருக்கே, அது எங்க?"

"இங்கிட்டுத்தான் சார் இருக்கு."

"எங்க?"

"கத்திரிக்காய்க்கு அடியில."

அன்று மத்தியானம் அந்தக் கத்திரிக்காயில்தான் குழம்பு. ராஜமாணிக்கம் இரண்டு தடவை வாங்கிப் பிசைந்து சாப்பிட்டார். சாப்பிட்டுக் கை கழுவியதும் மறுபடியும் வந்து புல்வெளி எங்கே என்று கேட்டார்.

அதோடு போயிருந்தாலும் போயிருக்கும். அடுத்த வாரமே போர்ட் பிளேரிலிருந்து கடிதம் வந்துவிட்டது. பெரிய அதிகாரி ஷோபனா மேடம் ஐம்பது நாளில் நேரில் வந்து ரிஜிஸ்டரில் உள்ளதெல்லாம் இருக்கிறதா என்று பார்க்கப் போகிறாராம். ராஜமாணிக்கத்துக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

"அக்கா, அந்த மேடத்தைப் பத்தி உங்களுக்குத் தெரியாது. குழாய் ஒழுகுதுன்னு ஒரு பிளம்பரைக் கார் நிக்கோபாருக்குத் தூக்கிட்டாங்க. ஒரு குழாய்க்கே அப்படின்னா, நீங்க ஒரு புல்வெளியையே தொலைச்சிருக்கீங்க."

கார் நிக்கோபார் என்ற சொல் காதில் விழுந்ததும் ஒச்சம்மா படியில் உட்கார்ந்துவிட்டாள். பஸ்ஸில் ஒரு பகல் போய், கப்பலில் ஒரு ராத்திரி போக வேண்டும். அதுவும் கடல் ஒத்துக்கொண்டால்தான். ஆனால் அவள் பயந்தது வாந்திக்கு இல்லை. மகள் கார்த்திகா ஏழு வருஷம் காத்திருந்து உண்டாகி, ஆறு மாத வயிற்றோடு இருந்தாள். மாப்பிள்ளை தமிழ்வாணன் சரக்குக் கப்பலில் வேலை, மாதத்தில் பாதி நாள் கரையில் இருக்க மாட்டான். சம்பந்தி வீடு மெயின்லேண்டில் இருந்தது. முனியாண்டிக்கு வெந்நீர் வைக்கச் சொன்னாலே அடுப்பு எந்தப் பக்கம் என்று கேட்பான். பிரசவத்துக்கு அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொள்ள ஒச்சம்மாவை விட்டால் வேறு ஆள் கிடையாது. அந்த நேரத்தில் தான் வேறொரு தீவில் கிடந்தால் என்ன ஆகும்? புல்வெளியைத் திரும்பக் கொண்டுவந்தே தீருவது என்று முடிவு செய்தாள்.

முடிவு செய்வது சுலபம். பாத்தியை அழிக்க அவளுக்குக் கை வரவில்லை. வெண்டை இன்னும் ஒரு வாரம் காய்க்கும் என்றாள். பிறகு மிளகாய் பழுக்கட்டும் என்றாள். தக்காளி பூ வைத்திருக்கிறது, பூவோடு பிடுங்கினால் பாவம் என்றாள். இப்படியே பதினைந்து நாள் ஓடிவிட்டது. ராஜமாணிக்கம் தினமும் தாழ்வாரத்தில் நின்று நகம் கடித்தார். கடைசியில் கார்த்திகாதான் வயிற்றைத் தாங்கிக்கொண்டு மேடேறி வந்து, "யம்மா, உனக்கு வெண்டிக்கா முக்கியமா, நான் முக்கியமா?" என்று கேட்டாள்.

மறுநாள் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் பிடுங்கினாள். பூவோடு இருந்த தக்காளிச் செடியைப் பிடுங்கும்போது மட்டும் அழுதாள். யாராவது பார்த்துவிடப் போகிறார்களே என்று மூக்கைச் சிந்திவிட்டு நத்தையைத் திட்டினாள்.

பாத்தியைப் பிடுங்கிவிட்டால் புல்வெளி ஆகிவிடாது. ஐந்து வருஷம் எரு தின்ற பாத்தி மண் கறுப்பாய்ப் பொதுபொதுவென்று இருந்தது. நடந்து நடந்து இறுகிய நடைவழியோ சிவப்பாய்க் கட்டாந்தரையாகக் கிடந்தது. அப்படியே புல்லைப் போட்டால் பாத்தி இருந்த இடத்தில் முழங்கால் உயரம் வளரும், நடைவழியில் சொட்டையாக நிற்கும். மேடம் வந்து பார்த்தால் பாய் விரித்த மாதிரி கோடு கோடாகத் தெரியும். ஆகவே வழியைக் கொத்தி, கறுப்பையும் சிவப்பையும் கலந்து, பலகை வைத்து மட்டம் பார்த்து முடிப்பதற்குப் பத்து நாள் பிடித்தது. முதுகு ஒடிந்துவிடும் போல இருந்தது.

மிச்சம் இருபத்தைந்து நாள். ஒவ்வொரு கரணையாக ஊன்ற நேரமும் இல்லை, அவ்வளவு புல்லும் இல்லை. சிப்பிகாட்டுக்கு ஒரு தடவை பயிற்சிக்குப் போனபோது பார்த்த வித்தை ஒன்று ஒச்சம்மாவுக்கு ஞாபகம் வந்தது. இருக்கிற புல்லைச் சின்னச் சின்னதாக நறுக்கி, மண்ணும் சாணியும் தண்ணீரும் சேர்த்து இட்லி மாவுப் பதத்துக்குக் குழைத்து, தரை முழுக்க மெழுகிவிடுவது. நறுக்கிய ஒவ்வொரு கணுவிலும் வேர் விடும். மேலே தென்னை ஓலையை மூடி வைத்தால் மழையும் கரைக்காது.

சாணிக்குக் கீழ்வீட்டு மண்டலிடம் போனாள். வங்காளிக் குடியேற்றக்காரர், ஒரே ஒரு பசு வைத்திருப்பவர். "லே லோ தீதி, ஜித்னா சாஹியே," என்று கொட்டிலையே காட்டினார். வேண்டுமட்டும் எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டாரே என்று ஒச்சம்மாவும் கூடை கூடையாகச் சுமந்தாள். மக்கிக் காய்ந்த சாணியைச் சலித்துத்தான் போட வேண்டும் என்று சிப்பிகாட்டில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். மக்கும்வரை காத்திருக்க அவளுக்கு ஏது நேரம்? அன்றன்று போட்ட பச்சைச் சாணியையே குழைத்து மெழுகினாள்.

ஆறாம் நாள் ஓலையை எடுத்தபோது தரை முழுக்கப் பச்சையாகப் புகை படர்ந்தது போல முளைத்திருந்தது. ஒச்சம்மா கத்திய கத்தலில் ராஜமாணிக்கம் பல் தேய்த்துக்கொண்டே ஓடி வந்தார். வாயில் நுரையோடு போனில் படம் எடுத்து, 'புல்வெளி வளர்ந்துகொண்டிருக்கிறது' என்று எழுதி, உடனே மேடத்துக்கு அனுப்பினார்.

ஒன்பதாம் நாள் ஒச்சம்மா குனிந்து உற்றுப் பார்த்தாள். புல் இருந்தது, இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் புல்லுக்கு மேலே வட்ட வட்டமாக இலையும், அடியில் சிவந்த தண்டுமாக வேறொன்று தலை தூக்கியிருந்தது. முப்பத்தாறு வருஷம் மண்ணோடு கிடந்தவளுக்குப் பேர் சொல்ல வேண்டியதில்லை. தண்டுக்கீரை.

படியில் உட்கார்ந்து யோசித்தாள். ஐந்து வருஷமாக, முற்றிப் பூத்துப்போன கீரைத்தண்டையெல்லாம் விதையோடு மண்டலின் பசுவுக்குத்தான் போட்டு வந்தாள். கடைசியாகப் பிடுங்கிய தண்டையும் அதற்கேதான் போட்டாள். பசு தண்டை ஜீரணித்துவிட்டு விதையைப் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்துவிட்டது. தலையில் அடித்துக்கொண்டாள். அடித்துக்கொண்டே சிரிப்பும் வந்துவிட்டது.

பிடுங்கி எறியலாம் என்றால் கால் வைக்க முடியாது. புதிதாக மெழுகிய புல் வேர் பிடிக்க இரண்டு வாரமாவது வேண்டும். தினமும் மழை வேறு. ஈரத்தில் மிதித்தால் அடை அடையாகப் பெயர்ந்து வந்துவிடும். வேறு வழியில்லாமல் தாழ்வாரத்தில் உட்கார்ந்து, அது வளர்வதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் ஆயுளில் அவ்வளவு செழிப்பான கீரை விளைந்ததே இல்லை.

"அக்கா, புல்லு கொஞ்சம் உயரமா வருதோ? சிவப்பா வேற தெரியுதே?" என்று ராஜமாணிக்கம் கேட்டார். கீரையை மசியலாக மட்டுமே பார்த்து வளர்ந்தவர் அவர்.

"அது உசத்தி ஜாதி சார்," என்றாள் ஒச்சம்மா.

மேடம் வருவதற்கு முதல் நாளும் வந்துவிட்டது. அன்றுதான் துணிந்து கால் வைத்துப் பார்த்தாள். புல் வேர் பிடித்திருந்தது. ஆனால் ஆயிரம் சதுர அடிக் கீரையை ஒருத்தியாகப் பிடுங்க நாலு நாளாவது ஆகும். அந்த நேரத்தில்தான் கடலும் கொந்தளித்துக் காய்கறிக் கப்பல் பத்து நாளாக வரவில்லை. பஜாரில் உருளைக்கிழங்கும் பூசணிக்காயும் மட்டும் கிடந்தன. ஒச்சம்மாவுக்கு ஒரு யோசனை தட்டியது. நேரே குவார்ட்டர்ஸ் வரிசைக்குப் போய், அங்கே குடியிருந்த ஜெயலட்சுமியைக் கூப்பிட்டாள். ஜெயலட்சுமியிடம் ஒன்று சொன்னால் தபால் தந்தி ஆபீசே வேண்டாம்.

"ஏத்தா, நாளைக்குக் காலையில கெஸ்ட் ஹவுஸ்ல எளங்கீரை. சும்மாவே எடுத்துக்கலாம். ஆனா வேரோட பிடுங்கணும், புல்லு ஒண்ணுகூடச் சேர்ந்து வரப்படாது. செருப்பில்லாம வரணும். யாருகிட்டயும் சொல்லிராத."

அந்தத் தீவில் ஐந்து மணிக்கே வெயில் வந்துவிடும். வெயிலுக்கு முன்னால் பெண்கள் வந்துவிட்டார்கள். தமிழ், வங்காளம், தெலுங்கு, ராஞ்சி ஆதிவாசிகள், பர்மாவிலிருந்து வந்த கரேன்கள் என்று எந்த வீடும் பாக்கியில்லை. வரிசையாகக் குந்தி, முந்தானையை மடியாகக் கட்டிக்கொண்டு, இந்தியிலும் அவரவர் பாஷையிலும் ஊர்க்கதை பேசியபடி பிடுங்கினார்கள். நடுவில் ராஜமாணிக்கம் எழுந்து வந்து, அறுபது பெண்கள் தன் புல்வெளியைப் பிடுங்குவதைக் கண்டு தூணைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயோ அக்கா! இவங்க என்ன பிடுங்குறாங்க?"

"உசத்தி ஜாதியை மட்டும் சார்," என்றாள் ஒச்சம்மா.

ஒன்பது மணிக்கெல்லாம் வேலை முடிந்தது. கீரை நிழலில் ஈரமாகக் கிடந்த புல் பளிச்சென்று வெளியே தெரிந்தது. கார்த்திகாவுக்கென்று ஒரு பெரிய கீரைக்கட்டை மட்டும் ஒச்சம்மா கூடையில் போட்டுப் படிக்குப் பின்னால் வைத்தாள்.

ஒரு மணிக்கு ஷோபனா மேடம் வந்தார். கட்டிலை எண்ணினார், தலகாணியை எண்ணினார். வாசலுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுப் புல்லில் இறங்கி நடந்தார். முப்பத்தாறு வருஷத்தில் அந்தப் புல்வெளியில் கால் வைத்த முதல் அதிகாரி அவர்தான். கூடையை வாங்கிப் போக வந்த கார்த்திகா படியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போட்டோ வந்து இருபது நாள்கூட ஆகல, அதுக்குள்ள இப்படியா?" என்றார் மேடம். "நீங்க அனுப்பின போட்டோவைப் பார்த்தப்பவே நினைச்சேன் ராஜமாணிக்கம். யாரு மாலி?"

"இவங்கதான் மேடம், ஒச்சம்மா. இந்தத் தீவுலயே இவங்களை மாதிரி ஒரு மாலி கிடையாது மேடம்," என்றார் ராஜமாணிக்கம். பயம் தெளிந்ததில் அவருக்கு வாய் நிற்கவில்லை. "புல்லைப் பார்த்துப் பேசினாங்கன்னா போதும் மேடம், வளர்ந்துரும்."

"ரொம்ப நல்லதாப் போச்சு. கார் நிக்கோபார்ல நம்ம கெஸ்ட் ஹவுஸ் வாசல் மூணு வருஷமா வெறும் மண்ணாக் கிடக்கு. யார் போட்டாலும் புல்லு பிடிக்கல. இந்தம்மாவை ஆறு மாசம் அங்க அனுப்பிடலாம். இன்னைக்கே ஆர்டர் போட்டுடுறேன்."

ராஜமாணிக்கம் சிரித்த வாய் மூடாமல் அப்படியே நின்றார். எதற்குப் பயந்து ஒச்சம்மா ஒரு மாதத்துக்கு மேல் முதுகு ஒடிய உழைத்தாளோ, அந்த உழைப்பே அவளை அங்கே கொண்டுபோய்த் தள்ளப் பார்க்கிறது. கார்த்திகாவின் முகம் வெளிறிப்போனது. எட்டாம் மாதம்.

ஒச்சம்மா படிக்குப் பின்னால் போனாள். கீரைக்கட்டைத் தூக்கி வந்து மேடத்தின் முன்னால் வைத்தாள்.

"மேடம், இது இன்னைக்குக் காலையில இந்தப் புல்லுக்குள்ள பிடுங்கினது. இந்த மாதிரி அறுபது கட்டு. பச்சைச் சாணியைப் போட்டு மெழுகிட்டேன், அதுல பூராம் கீரை விதை. பத்து நாள்ல மறுபடி முளைக்கும். எனக்குப் புல்லு வளர்க்கத் தெரியாது மேடம். அஞ்சு வருஷமா இங்கிட்டு இருந்தது காய்கறிப் பாத்தி. லானை அழிச்சதும் நான்தான். ராஜமாணிக்கம் சார் மேல தப்பில்ல."

புல் வளர்க்கத் தெரியாது என்று தன் வாயாலேயே சொன்னது அவளுக்கு வலித்தது. சொல்லாமல் விட்டிருந்தால் தீவிலேயே பெரிய மாலி என்ற பேர் நிலைத்திருக்கும். ராஜமாணிக்கம் மறுபடியும் தூணைத் தேடிப் போனார்.

மேடம் கீரைக்கட்டைப் பார்த்தார். ஒச்சம்மாவைப் பார்த்தார். பிறகு அவர் கண் படியோரம் போய், வயிற்றில் கை வைத்தபடி நின்ற கார்த்திகாவின் மேல் நின்றது.

"அது யாரு?"

"மக, மேடம்."

"எத்தனை மாசம்?"

"எட்டு, மேடம். ஏழு வருஷம் கழிச்சு."

மேடம் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டார். "இந்தக் கீரை முளைக்காம, இது நிஜமான புல்வெளியா ஆக எவ்வளவு நாளாகும்?" என்று கேட்டார்.

ஒச்சம்மா மனதுக்குள் கணக்குப் போட்டாள். பிரசவத்துக்கு இன்னும் ஒரு மாசம். பிள்ளை தலை நிற்க மூணு மாசம். சளிக்கும் காய்ச்சலுக்கும் ஒரு இரண்டு மாசம்.

"ஆறு மாசம் ஆகும் மேடம்," என்றாள்.

"ஆறு மாசமா!" மேடத்தின் குரல் ஏறியது. "அரசாங்கப் புல்வெளியை அழிச்சுக் கத்திரிக்காய் போட்டுருக்கீங்க. போதாததுக்குக் கீரை வேற. ராஜமாணிக்கம், எழுதிக்கோங்க. இந்தப் புல்வெளி சரியாகுற வரைக்கும் இந்தம்மா மாயாபந்தரை விட்டு ஒரு அடி அசையக் கூடாது. லீவு கேட்டாலும் வெளியூருக்குக் கிடையாது. இதுதான் தண்டனை."

"சரிங்க மேடம்," என்று ஒச்சம்மா தலையைக் குனிந்துகொண்டாள். குனிந்தது முகத்தை மறைக்கத்தான். மேடம் கீரைக்கட்டைச் சாட்சிப் பொருள் என்று சொல்லி எடுத்துக்கொண்டு, டிரைவரிடம் கொடுத்து வண்டியில் வைக்கச் சொன்னார். போர்ட் பிளேரிலும் பத்து நாளாகக் காய்கறி இல்லை.

அடுத்த மாதம் கடல் மறுபடியும் கெட்டுப்போய், கார் நிக்கோபார்க் கப்பல் ஒன்பது நாள் நிறுத்தப்பட்டது. அதில் நாலாம் நாள் விடியற்காலை மாயாபந்தர் ஆஸ்பத்திரியில் கார்த்திகாவுக்கு வலி கண்டது. பதினோரு மணி நேரம் அவள் அம்மாவின் இடது கையை விடவே இல்லை. பெண் குழந்தை, மூன்று கிலோ. நர்ஸ் வந்து பிரித்துவிட்ட பிறகுதான் ஒச்சம்மா தன் கையைப் பார்த்தாள். மணிக்கட்டு வரை நகம் பதிந்து கன்றிச் சிவந்திருந்தது. அதன் பிறகு ஒரு வாரம் பஜாரில், படகுத்துறையில், மண்டலின் கொட்டிலில், எதிரில் வந்தவர்களிடமெல்லாம் அந்தக் கையை நீட்டிக் காட்டி, "பாத்தியா, புள்ள என்னைய என்ன பாடு படுத்திருச்சுன்னு," என்று குறை சொல்லிக்கொண்டே திரிந்தாள்.